ஏட்டில் ஒரு பெயர்

கொழும்புப் பங்குச் சந்தையில் அரைப் பங்கு கிடையாது. வாங்கினால் ஒன்று, இல்லையேல் ஒன்றுமில்லை. இதை எனக்குத் தெரிவித்தது ஒரு கடிதம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பனி தன் பங்கிலாபத்தைக் காசாகத் தராமல் புதிய பங்குகளாகத் தந்தது. என் கணக்குக்கு வரவேண்டியது மூன்றேகால் பங்கு. மூன்றுதான் வந்தது. மீதிக் காலைப் பற்றிக் கடிதத்தின் அடியில் ஒரு விளக்கம் இருந்தது. இப்படிப் பலருக்கும் மிஞ்சிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, முழுப் பங்குகளாக்கிச் சந்தையில் விற்று, வரும் காசைத் தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். இன்றும் இங்கே அதுதான் வழக்கம்.

கால் பங்குதானே என்று நான் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடவில்லை. என் கணக்குக் கொப்பியில் 'தர்மம்: கால் பங்கு' என்று எழுதினேன். புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் நாற்பது வருஷம் கணக்கு எழுதிய கை இது. ஒரு சதமானாலும் போன இடம் ஏட்டில் இருக்க வேண்டும் என்று பழகிய கை.

அந்தக் கடிதம் இப்போது நினைவுக்கு வரக் காரணம், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மேல்வீட்டில் இருக்கும் பிள்ளை. படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு வந்தாள். "அங்கிள், ஸ்காபரோவில அண்ணா பத்து டொலருக்கு ஆப்பிள் கம்பனியில ஒரு துண்டு வாங்கியிருக்கிறார். இஞ்ச எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையா?"

அவளுடைய அண்ணன் வாங்கியது என்ன என்று முதலில் விளக்கினேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் தரகு நிறுவனங்கள் முழுப் பங்கைத் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டு, பத்து டொலர் தந்தவருக்குப் பத்து டொலர் அளவு பாத்தியதையைத் தங்கள் ஏட்டில் எழுதிக்கொள்கின்றன. பங்கிலாபம் வந்தால் அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தத் துண்டைப் பெரும்பாலும் வேறொரு தரகருக்கு மாற்ற முடியாது. விற்றுக் காசாக்கித்தான் போகவேண்டும். ஆகவே துண்டுப் பங்கு வாங்குகிறவர் இரண்டு பேரை நம்புகிறார்: தொழில் நடத்தும் கம்பனியை ஒருமுறை, ஏடு எழுதுகிறவரை இன்னொருமுறை.

இங்கே அந்த ஏற்பாடு இல்லை. ஆனால் இங்கே பங்குகளே சிறியவை. ஒரே ஒரு பங்கைக்கூட வாங்கலாம். நூறு ரூபாய்க்குள் விலைபோகும் பங்குகள் எத்தனையோ உண்டு. விலை ஏறிப் பெரிதாகிவிட்டால் கம்பனிகளே அதைப் பிரித்துச் சிறிதாக்குகின்றன. 1870 அளவில் ஜோன் சகோதரர் இருவர் தொடங்கிய தரகு வியாபாரத்திலிருந்து வளர்ந்த ஜோன் கீல்ஸ் 2024 இறுதியில் தன் ஒவ்வொரு பங்கையும் பத்தாகப் பிரித்தது. 200 ரூபாய் அளவில் இருந்த ஒன்று 20 ரூபாய் அளவுக்கு வந்தது. காலி வீதியில் ஒரு பிளேன்டீ அதைவிட விலை. வாங்கச் சொல்வதற்காக இந்தப் பெயரைச் சொல்லவில்லை. அளவைக் காட்டுவதற்காகச் சொல்கிறேன். 1991 முதல் யூனிட் ட்ரஸ்ட்டும் இருக்கிறது. பலருடைய சிறு தொகையைச் சேர்த்துப் பல கம்பனிகளில் போட்டு, அவரவர் போட்ட அளவுக்கு அலகு எழுதிக் கொடுப்பது. துண்டுப் பங்குக்கு நம் ஊர் உடன்பிறப்பு என்று அதைச் சொல்லலாம். 2020 முதல் பங்குக் கணக்கைக் கைத்தொலைபேசியிலேயே திறக்கவும் முடிகிறது. இங்கே இருந்துகொண்டு வெளிநாட்டுப் பங்கு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் இருக்கிறது. அதையும் அதன் கீழுள்ள ஒழுங்குவிதிகளையும் கேட்டறியாமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது.

வழி இவ்வளவுதான், சொல்லிவிட்டேன். ஆனால் அவள் போன பிறகு ஒரு கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. பெரிய தொகையைக் கொடுக்கும்போது மனிதன் நாலு பேரிடம் கேட்கிறான், இரவில் விழித்திருந்து யோசிக்கிறான். ஐந்நூறு ரூபாய்க்கு யார் யோசிப்பார்கள்? சிறிய பணத்தின் ஆபத்து அதன் சிறுமைதான். சிறியது என்பதாலேயே அதை நாம் நிறுத்துப் பார்ப்பதில்லை. என் வாழ்நாளில் சிறிய பங்கை மதித்தவர்களையும் பார்த்தேன், மதிக்காதவர்களையும் பார்த்தேன். அவர்களைப் பற்றிச் சொல்கிறேன், பிள்ளைகளே.

முதலாவது என் அம்மா. நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டில். தோட்டம் என்றால் மரஞ்செடி அல்ல. ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாய் வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய். அம்மா அங்கே சீட்டுப் போட்டார். இருபது பேர், மாதம் ஐந்து ரூபாய். பெயர் எழுதிய துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி ஒரு குழந்தையைக் கொண்டு எடுப்பிப்பார்கள். முதல் சீட்டு எப்போதும் சீட்டுப் பிடிக்கிறவருக்கு. கடைசிச் சீட்டை அம்மாவாகவே கேட்டு எடுத்துக்கொள்வார். முன்னதாகக் கைக்கு வந்தால் செலவாகிவிடும் என்ற பயம்.

துறைமுகத்தில் வேலைபார்த்த அப்பா ஒரு மழைக்காலத்தில் இரண்டு மாதம் படுத்துவிட்டார். வீட்டில் அரிசிக்கே தட்டுப்பாடு. அந்த இரண்டு மாதமும் அம்மா காதுத் தோட்டைச் செட்டியார் தெருவில் அடகு வைத்துச் சீட்டுக்காசைக் கொடுத்தார். ஒரு மாதம் தவணை கேட்டிருக்கலாமே என்று நான் வளர்ந்த பிறகு கேட்டேன். "அந்த ஐஞ்சு ரூபாய் என்ரை காசில்லையடா, பத்தொன்பது பேருக்கு நான் குடுத்த சொல்லு" என்றார்.

அம்மாவின் சீட்டு வட்டி தரவில்லை. பிடித்தவர் ஓடியிருந்தால் முதலும் போயிருக்கும். இந்த நகரத்தில் அப்படிப் போன சீட்டுகள் ஏராளம். நம்பிக்கையையே தொழிலாக்கிப் பெரிதாய் வைப்புப் பணம் திரட்டிய கோல்டன் கீ நிறுவனம் 2008 டிசம்பரில் விழுந்தபோது ஆயிரக்கணக்கான வீடுகள் அழுததையும் இந்த நகரம் கண்டது. ஆளைச் சேர்த்தால் காசு தருகிறோம் என்று வருகிற பிரமிட் வியாபாரங்களை வங்கிச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். ஆகவே சீட்டே சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சீட்டில் இருந்த அந்தப் பத்தொன்பது பேரைத்தான் சொல்கிறேன். மாதம் தவறினால் குழாயடியில் முகம் பார்க்க முடியாது. கைத்தொலைபேசியில் பங்கு வாங்குகிறவருக்கு அந்தக் குழாயடி இல்லை. சந்தை விழுந்த மாதத்தில் அவர் போடாமல் விட்டால் கேட்க ஒருவரும் வரப்போவதில்லை. தனக்குத் தானே கொடுத்த சொல்லைக் காப்பது பிறருக்குக் கொடுத்த சொல்லைக் காப்பதைவிடக் கடினம்.

இரண்டாவது எங்கள் முதலாளி. 1983 ஜூலைக் கலவரத்தில், 25ஆம் திகதி, வெள்ளவத்தையில் அவருடைய வீடு எரிந்தது. அன்றைய நாளைப் பற்றி நான் இங்கே விரிக்கப் போவதில்லை, அறிந்தவர்கள் அறிவார்கள். நகை போயிற்று, பெட்டியில் இருந்த காசு போயிற்று, நாலைந்து கம்பனிகளின் பங்குப் பத்திரங்களும் எரிந்து சாம்பலாயின. அக்காலத்தில் பங்கு என்றால் கடுதாசிதான். மின்னணுக் கணக்கில் வைக்கும் மத்திய வைப்பு முறை 1991இல்தான் வந்தது. அகதி முகாமிலிருந்து திரும்பிய முதலாளி, எல்லாம் போயிற்று என்றே நம்பினார்.

அந்தப் பத்திரங்களுக்காகக் கம்பனிகளுக்குக் கடிதம் எழுதியவன் நான். கம்பனியின் பங்காளர் ஏட்டில் அவர் பெயர் இருந்தது. சத்தியக் கடதாசியும் பிணையும் கேட்டார்கள், மாதக்கணக்கில் இழுத்தது, ஆனால் ஒவ்வொன்றாக மாற்றுப் பத்திரம் வந்தது. அவற்றுள் ஒரு கம்பனியில் அவருக்கு இருந்தது இருபத்தைந்து பங்குகள் மட்டும். எப்போதோ ஒரு நண்பருக்காக வாங்கியது, அவரே மறந்துபோனது. அந்த இருபத்தைந்துக்கும் கம்பனி அதே ஒழுங்கோடு பத்திரம் அனுப்பியது. கையில் இருப்பது எரியக்கூடியது. ஏட்டில் இருப்பது அவ்வளவு எளிதில் எரியாது. பங்கு என்பதன் பொருளை நான் அன்றுதான் கற்றேன். அதனால்தான் உங்கள் பெயர் யாருடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். கம்பனியின் ஏட்டிலா, மத்திய வைப்புக் கணக்கிலா, தரகரின் சொந்தக் கொப்பியிலா? பத்து டொலர் போட்டவரும் இதைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது கதையை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கொழும்பில் பங்கு வியாபாரம் 1896இல் தொடங்கியது. மலையகத்தில் தேயிலைத் தோட்டம் திறக்க மூலதனம் தேடிய வெள்ளைக்காரக் கம்பனிகளுக்காகத் தரகர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுவே இன்றைய சந்தையின் வேர். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழர்கள். அவர்கள் உழைப்பின் பங்கு லண்டனிலும் கொழும்புக் கோட்டையிலும் கைமாறியது. அவர்கள் குடியிருந்த லயத்துக்கு அந்தப் பங்கு வரவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களும் ஆக்கியது. பின்னர் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவை பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, 1995க்குப் பிறகு பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டபோது, பத்தில் ஒரு பகுதியை ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். சந்தை தொடங்கி நூறு வருஷம் கழித்து, கொழுந்து பறித்த கைக்கு ஒரு பங்கு வந்தது.

எங்கள் கடையில் மூட்டை தூக்கிய பையன் ஒருவன் ஹட்டன் பக்கத்தவன். ஊருக்குப் போய்வந்தபோது ஒரு காகிதத்தை நான்காக மடித்துக் கொண்டுவந்தான். "ஐயா, அம்மாவுக்குத் தோட்டத்துல குடுத்தாங்க. இது என்னா கடுதாசின்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சுங்க. வாங்கிக்கிறோம்னு ஆளுங்க லயத்துக்கு லயம் வர்றாங்க." விற்றவர்களுக்குக் கிடைத்தது ஒரு வார மளிகைச் சாமானுக்குப் போதும். விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பசித்தவனுக்கு இன்றைய சோறு நாளைய பங்கிலாபத்தைவிடப் பெரிது. ஆனால் அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குறை மட்டும் என் நெஞ்சில் இருக்கிறது.

நான் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். உன் அம்மா பறிக்கிற தோட்டத்தில், தூளாக்குகிற ஆலையில், இவ்வளவு உன் அம்மாவுக்குச் சொந்தம் என்று இதில் எழுதியிருக்கிறது. லாபம் வந்த வருஷம் கொஞ்சம் காசு வரலாம், வராமலும் போகலாம். அவன் போய்ச் சொன்னான். அடுத்த முறை வந்தபோது என்ன முடிவு என்று கேட்டேன். "விக்க மாட்டேன்னுடுச்சுங்க. எம் பேரு அச்சடிச்சிருக்குல்லன்னு சொல்லுது." பிரசாவுரிமைப் பத்திரத்துக்காக அரை ஆயுள் காத்திருந்த பெண் அவர். தன் பெயர் அச்சான காகிதத்தை எடைபோட அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பங்கு அவரைப் பணக்காரி ஆக்கவில்லை. தேயிலைக் கம்பனிகளின் வரவு மழையையும் ஏலத்தையும் நம்பியது. பங்கிலாபம் சில வருஷம் வந்தது, பல வருஷம் வரவில்லை. அவர் காலமான பிறகு அது மகன் பெயருக்கு மாறியது. இப்போது கொட்டாஞ்சேனையில் சொந்தமாகச் சில்லறைக் கடை வைத்திருக்கிறான். அந்தப் பங்கை இன்னும் விற்கவில்லை. லாபம் வந்ததா என்று பார்த்தால் அந்தத் தாய் செய்தது பெரிய காரியமல்ல. ஆனால் 'இது என்ன கடுதாசி' என்று கேட்டனுப்பிய கேள்வி இருக்கிறதே, படித்தவர்கள் பலர் கேட்காத கேள்வி அது.

கேட்காதவர்களில் ஒருவன் என் தம்பியின் மகன். 2009 மே மாதம் யுத்தம் முடிந்ததும் கொழும்புச் சந்தை பாய்ந்து ஏறியது. 2008 முடிவில் 1,503இல் இருந்த விலைச் சுட்டெண் 2010 முடிவில் 6,636. வெள்ளவத்தைச் சைவக் கடைகளில் இட்லியோடு பங்கு விலையும் பேசினார்கள். அவனும் சிறிதாகத்தான் தொடங்கினான், பத்தாயிரம் ரூபாய். அது இரண்டே மாதத்தில் பதினெட்டாயிரமானதும், தரகர் கடனுக்கும் வாங்கலாம் என்றார். கம்பனி என்ன தொழில் செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "தெரியாது பெரியப்பா, ஆனா ஏறும்" என்றான். 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டிய சுட்டெண் 2012 நடுப்பகுதியில் 5,000 அளவுக்கு இறங்கியது. கடனுக்கு வாங்கியதைத் தரகர் அவனைக் கேட்காமலே விற்றார், விதி அப்படி. முதல் போய், கடன் மிஞ்சியது. அடைக்க நாலு வருஷம் ஆயிற்று. சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்த சிலர் அதே வீழ்ச்சியைத் தாங்கிக்கொண்டு இருந்தார்கள். பொறுத்திருக்கும் உரிமை கடன்காரனுக்கு இல்லை.

அவன் இழந்ததில் இன்னொரு பகுதியும் உண்டு. அது யார் கண்ணிலும் படவில்லை. தரகுக்கூலி, சந்தைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 12 சதம் போகிறது; வாங்கும்போது ஒருமுறை, விற்கும்போது ஒருமுறை. வாரம் ஒருமுறை 5,000 ரூபாய்க்கு வாங்கி விற்கிற பிள்ளை ஒவ்வொரு முறையும் 112 ரூபாய் கொடுக்கிறது. ஐம்பது வாரத்தில் 5,600. விலை ஏறாமல் இறங்காமல் நின்றாலும் போட்ட முதலைவிடக் கூடுதலான தொகை கட்டணத்துக்கே போய்விடும். அதே பிள்ளை ஒருமுறை வாங்கி அப்படியே வைத்திருந்தால் செலவு 56 ரூபாய். சிறு தொகைக்காரருக்குப் பொறுமை ஒரு நற்குணம் மட்டுமல்ல, கணக்குப்படியும் வேறு வழி இல்லை.

2022இன் பொருளாதார நெருக்கடியை நீங்களே கண்டவர்கள். ஜனவரியில் 13,000க்கு மேல் நின்ற சுட்டெண் ஏப்ரல் முடிவதற்குள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கரைந்தது. ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் சந்தையையே மூடி வைத்தார்கள். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்களுக்குச் சந்தை திறந்ததும் மூடியதும் ஒன்றுதான். அந்த வருஷம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய நூற்றுக்கு 70. நான் அந்த மாதங்களிலும் வழக்கமான சிறு தொகையைப் போட்டேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதச் செலவுக்கான காசு வங்கியில் தனியே இருந்தது, அதனால் முடிந்தது. அந்தக் காசு இல்லாதவர் பங்கு வாங்கத் தொடங்கக் கூடாது என்பதே என் எண்ணம். 2024 முடிவில் சுட்டெண் 16,000ஐ நெருங்கியது. பெருக்கம் என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் அந்த மூன்று வருஷத்தில் அரிசியும் பருப்பும் ஏறிய ஏற்றத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதிப் பார்த்தால், 2022 ஜனவரியில் மொத்தமாகப் போட்டவர் அப்போதும் நட்டத்தில்தான் நின்றார். மாதம் மாதமாகப் போட்டவருக்கு இறங்கிய மாதங்களும் சேர்ந்து கிடைத்தன. அவ்வளவுதான் வித்தியாசம், அது சிறியதுமல்ல.

இவற்றையெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னேன். நடுவில் பேசாமல் கேட்டாள். மலையகத்துத் தாயின் கதையில் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மம்மாவும் கொழுந்து பறித்தவர் என்று அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். மூன்று கம்பனிகளின் வருடாந்த அறிக்கைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வாசித்து, அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து, நாற்பது பங்கு வாங்கியிருந்தாள். சம்பளத்தில் மாதம் 2,000 ரூபாய் ஒதுக்கப் போகிறாளாம். நான் அலுமாரியிலிருந்து புதிய சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். மேசையில் உட்கார்ந்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, திகதி, கம்பனியின் பெயர், எண்ணிக்கை, விலை என்று எழுதினாள். பிறகு பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், கமிஷன் இருபத்திரண்டு ரூபாய் சொச்சம் போயிருக்கு. அதையும் எழுதவா?"

"சதத்தோட எழுது, பிள்ளை" என்றேன்.